பாட்டு கேட்கும் ஸ்டீரியோவிலேயே படத்தின் ஒலியையும் மேம்படுத்துவது எப்படி?

டிவி மெலிய மெலிய, அதற்குள் ஸ்பீக்கருக்கு இடமில்லாமல் போய்விட்டது. பல டிவிகளில் ஸ்பீக்கர் தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோதான் இருக்கிறது. வசனம் புரியவில்லை என்று வால்யூமைக் கூட்டினால், அடுத்து வரும் சண்டைக் காட்சியில் காது வலிக்கிறது. வீட்டில் நல்ல ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் இருந்தால், சவுண்ட்பார் வாங்குவதற்கு முன் டிவியை அதோடு இணைத்துப் பாருங்கள். பாட்டு கேட்கும் பாதையை மட்டும் எந்தக் கட்டத்திலும் கெடுத்துவிடக் கூடாது.

முதல் படி: டிவியை ஆம்ப்ளிஃபையரோடு இணைப்பது

ஒலியை வெளிச்சமாகக் கடத்தும் ஓர் ஆப்டிகல் கேபிள், டிஜிட்டல் ஒலியை அனலாகாக மாற்றும் டி.ஏ.சி. பெட்டி ஒன்று, சிவப்பு, வெள்ளை முனைகள் உள்ள ஒரு ஜோடி ஆர்.சி.ஏ. கேபிள். இவ்வளவுதான் தேவை. ஆம்ப்ளிஃபையரிலேயே ஆப்டிகல் இன்புட் இருந்தால் டி.ஏ.சி.யும் வேண்டாம்.

புது ஆப்டிகல் கேபிளின் இரு முனைகளிலும் குட்டி பிளாஸ்டிக் மூடி இருக்கும். கண்ணாடி போல இருப்பதால் பலருக்கு அது கண்ணில் படுவதில்லை. அதோடு செருகப் பார்த்து, கேபிள் பொருந்தவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். மூடியைக் கழற்றி, டிவியில் 'டக்' என்று உட்காரும்வரை செருகுங்கள். மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் இணைப்பு சரி. கேபிளை எங்கேயும் மடித்து ஒடிக்காதீர்கள்.

டி.ஏ.சி.யிலிருந்து வரும் ஆர்.சி.ஏ. கேபிளை ஆம்ப்ளிஃபையரின் 'ஆக்ஸ்' அல்லது 'சிடி' இன்புட்டில் கொடுங்கள். 'ஃபோனோ'வில் கொடுக்கவே கூடாது. அது இசைத்தட்டு முள்ளிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் சிக்னலுக்கானது, டி.ஏ.சி. தருவதோ ஏறக்குறைய 2 வோல்ட். ஒலி சிதைந்து அலறும்.

இனி டிவி மெனு. புதிதாகச் செய்கிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் 'ஆட்டோ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று இருந்தால் அதை 'பி.சி.எம்.' (டிவியே பிரித்துத் தரும் சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்றுங்கள். பிட்ஸ்ட்ரீமில் டிவி, சுருக்கி வைத்த டால்பி ஒலி சிக்னலைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பிவிடும். சாதாரண டி.ஏ.சி.க்கு அதைப் படிக்கத் தெரியாது. ஒன்று, சத்தமே வராது. அல்லது 'கர்ர்ர்' என்ற இரைச்சல் வரும். செய்தி சேனலில் ஒலி வருகிறது, படம் போட்டால் மட்டும் வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இந்த அமைப்புதான். டி.ஏ.சி.யைக் குறை சொல்லி மாற்றிவிடாதீர்கள்.

டிவியின் சொந்த ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். ஆப்டிகலில் வரும் ஒலியளவு பெரும்பாலும் மாறாது. வால்யூமை ஆம்ப்ளிஃபையரில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். டிவி ரிமோட்டே போதும் என்றால், எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. (டிவியின் ஒலியை எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகவே வெளியே அனுப்பும் வசதி) இன்புட்டும் வால்யூம் கட்டுப்பாடும் உள்ள டி.ஏ.சி. வாங்கி, டிவியில் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதியிருக்கும் சாக்கெட்டில் இணைத்து, மெனுவில் சி.இ.சி.யை (ஒரே ரிமோட்டில் இரண்டு கருவிகளையும் கட்டுப்படுத்தும் வசதியை) இயக்குங்கள்.

உதடு அசைவதற்கு முன்பே பேச்சு வந்தால், டிவியின் 'ஆடியோ டிலே'யை 10, 20 மில்லிசெகண்டாகக் கூட்டிச் சரிசெய்யலாம். ஒலி பிந்தி வந்தால் இது உதவாது. புளூடூத்தில் இணைத்தால் அந்தத் தொல்லை அடிக்கடி வரும் என்பதால் கேபிளே நல்லது.

இரண்டாம் படி: வசனத்தைத் தெளிவாக்குவது

ஐந்து ஸ்பீக்கருக்கும், தாழ்ந்த ஒலிக்கென ஒரு சப்வூஃபருக்கும் பிரிக்கப்பட்ட 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். அதை இரண்டு சேனலாகச் சுருக்கும்போது வசனம் இடது, வலது இரண்டிலும் சமமாகப் பிரிகிறது. இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் காதிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால்தான் குரல் திரையின் நடுவிலிருந்து வரும். டேப் வைத்து அளந்து பாருங்கள், கண்ணளவு ஏமாற்றும். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையிலான தூரமும், ஒவ்வொன்றிலிருந்து நீங்கள் உட்காரும் இடம் வரையுள்ள தூரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும்.

குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் மிதக்கிறதா, பேஸும் (கனத்த, தாழ்ந்த ஒலி) மெலிந்திருக்கிறதா? ஏதாவது ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் இடம் மாறியிருக்கும். ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு மாற்றிச் செருகுங்கள்.

படம் பார்க்கும் செயலியில் ஸ்டீரியோ ஒலித்தடம் தனியாக இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இரவில், உரத்த ஒலியை அடக்கி மெல்லிய பேச்சை உயர்த்தும் டிவியின் 'நைட் மோட்' உதவும்.

மூன்றாம் படி: சப்வூஃபர்

ஆம்ப்ளிஃபையரில் 'ப்ரீ அவுட்' (வேறு கருவிக்குச் சிக்னல் அனுப்பும் சாக்கெட்) இருந்தால் அதிலிருந்து சப்வூஃபரின் 'லைன் இன்'னுக்குக் கொடுங்கள். இல்லையென்றால், ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் 'ஹை லெவல்' இன்புட் உள்ள சப்வூஃபராகப் பார்த்து வாங்குங்கள். சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரென்றால் கிராஸோவரை (எந்த அளவுக்குக் கீழுள்ள ஒலியை சப்வூஃபர் தர வேண்டும் என்ற எல்லையை) 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். பெரிய ஸ்பீக்கரென்றால் 50, 60 போதும். இடம் தேட எளிய வழி: சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். எங்கே பேஸ் சீராக, குடம் போல முழங்காமல் கேட்கிறதோ, அங்கேதான் அதை வைக்க வேண்டும்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 5.1 இரண்டு சேனலாகச் சுருங்கும்போது '.1' எனப்படும் தனி பேஸ் சேனல் வழக்கமாக விடுபட்டுவிடும். அதை ஈடுகட்ட சப்வூஃபரை ஏற்றி வைத்தால் பாட்டுதான் கெடும்.

நான்காம் படி: ரிசீவர், தேவைப்பட்டால் மட்டும்

நாலைந்து பேர் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் நடு ஸ்பீக்கர் அவசியம். ஓரத்தில் இருப்பவருக்கு அருகிலுள்ள ஸ்பீக்கர் மட்டுமே பேசுவது போலிருக்கும். முன் ஸ்பீக்கர்களுக்கான 'ப்ரீ அவுட்' உள்ள ஏ.வி. ரிசீவரை (5.1 ஒலியைப் பல ஸ்பீக்கருக்குப் பிரித்துத் தரும் ஆம்ப்ளிஃபையரை) வாங்கி, நடு ஸ்பீக்கரை அதில் மாட்டி, அந்த அவுட்டை ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரின் 'ஹோம் தியேட்டர் பைபாஸ்' (வால்யூம் குமிழைத் தாண்டிப் போகும்) இன்புட்டில் கொடுங்கள். படத்துக்கு வால்யூமை ரிசீவர் கவனிக்கும். சிடி பிளேயரும் டர்ன்டேபிளும் பழையபடி ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரிலேயே இருக்கட்டும். பாட்டு கேட்க ரிசீவரை இயக்கவே வேண்டாம்.

பைபாஸ் இல்லையென்றால் ஆக்ஸ் இன்புட்டே போதும். வால்யூம் குமிழைக் கடிகாரத்தில் 12 மணி இருக்கும் நிலையில் வைத்து, அங்கே சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, ரிசீவரின் மைக்கை வைத்து ஸ்பீக்கர்களின் ஒலியளவைச் சரிசெய்யும் அளவீட்டையும் அதே நிலையில் செய்யுங்கள். ஒவ்வொரு முறை படம் போடும்போதும் குமிழ் ஸ்டிக்கருக்கு நேராக இருக்க வேண்டும். பாட்டுக்கு மாறும்முன் மறக்காமல் குறைத்துவிடுங்கள்.

ஒரே ஸ்பீக்கரில் இரண்டு ஆம்ப்ளிஃபையரின் ஒயரையும் சேர்த்து மாட்டாதீர்கள், ஆம்ப்ளிஃபையர் எரிந்துபோகும்.

இணைத்தபின் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் தொடர்ந்து கேட்டால், ஆன்டெனா அல்லது கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகளுக்கிடையே ஓடும் மின்சாரம் தரும் இரைச்சல். அந்த ஒயரில், அந்த மின்பாதையைத் துண்டிக்கும் ஓர் ஐசோலேட்டர் போட்டால் தீரும். இரைச்சலை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது உயிருக்கே ஆபத்து.