இங்கிலாந்தில் ஆசிரியராக: பட்டம் இருக்கிறது, அப்புறம்?

இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக கியூ.டி.எஸ். என்ற தகுதி வேண்டும். (ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் வழி வேறு.) பி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு வழக்கமான பாதை ஓராண்டுப் பயிற்சி. அதில் சுமார் 120 நாள் பள்ளிகளிலேயே கழியும்.

பட்டம் செல்லுமா என்று கவலைப்படுகிறவர்கள் பத்தாம் வகுப்பை மறந்துவிடுகிறார்கள். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜி.சி.எஸ்.இ. (இங்கே பதினாறு வயதில் எழுதும் பொதுத் தேர்வு) 4ஆம் கிரேடுக்கு இணையான தேர்ச்சி கேட்பார்கள். தொடக்கப் பள்ளிக்கு அறிவியலும் சேரும். எம்.எஸ்சி. இருந்தாலும் விலக்கில்லை. ஊரில் பீரோவுக்குள் கிடக்கும் எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் பட்டியலையோ ஓ.எல். சான்றிதழையோ முதலில் வரவழையுங்கள். அதையும் பட்டத்தையும், வெளிநாட்டுச் சான்றிதழ்களை ஒப்பிட்டுச் சொல்லும் அமைப்பான யூகே எனிக்கில் கொடுத்து ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம். இணையாகாது என்று வந்தாலும் சில பயிற்சி நிறுவனங்கள் தகுதித் தேர்வு எழுத விடுகின்றன. ஓரிடத்தில் ஏற்கும் தேர்வை இன்னோரிடத்தில் ஏற்காமல் போகலாம் என்பதால் பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

பி.ஜி.சி.இ. என்ற பெயரைப் பார்த்ததும் சேர்ந்துவிடவும் வேண்டாம். அது பல்கலைக்கழகம் தரும் சான்றிதழ், உரிமம் கியூ.டி.எஸ்.தான். இரண்டும் சேர்ந்து வரும் படிப்பும் உண்டு, உரிமம் தராத பி.ஜி.சி.இ.யும் உண்டு.

அடுத்த செப்டம்பருக்கான விண்ணப்பம் அக்டோபரிலேயே அரசு இணையதளத்தில் திறக்கும். நான்கு இடங்கள் வரை ஒரே நேரத்தில் கேட்கலாம். கட்டணம் கட்டிப் படிப்பதும் உண்டு, சம்பளத்தோடு பயில்வதும் உண்டு. மாணவர் கடன் கிடைப்பது உங்கள் விசாவைப் பொறுத்தது. கணிதம், இயற்பியல் போன்ற பாடங்களுக்கு ஆள் தட்டுப்பாடு. பொறியியல் படித்துவிட்டு யோசிக்கிற நம்மவர்கள் இதைக் கவனிக்கலாம்: பாட அறிவை மெருகேற்றத் தனிப் பயிற்சியே இருக்கிறது.

இந்தியாவில் பி.எட். முடித்து, கணிதம், அறிவியல் அல்லது மொழிப் பாடம் நடத்தி அனுபவம் பெற்றவர்கள் மறுபடி படிக்காமலே கியூ.டி.எஸ்.ஸுக்கு விண்ணப்பிக்கும் வழி 2023 முதல் உண்டு. விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

மற்றவர்களுக்கு என் யோசனை, ஒரு பருவமாவது டீச்சிங் அசிஸ்டெண்ட்டாக வேலை பாருங்கள். இங்கத்திய வகுப்பறைச் சத்தம் பழகும், நேர்காணலில் பேச விஷயமும் கிடைக்கும்.

இன்னும் ஊரிலிருந்து கிளம்பவில்லையா? போலீஸ் நற்சான்றிதழை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். இங்கிருந்து விண்ணப்பித்தால் அலைச்சல் அதிகம்.