சிறிய கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபது லிட்டர் கொள்ளும் ஒரு கண்ணாடித் தொட்டியிலும் பவளம் வளர்க்கலாம் என்று அறிந்தவுடன், பெரிய தொட்டிக்கு இடமோ பணமோ இல்லாதவர்கள் சிறியதில் பழகிக்கொள்ளலாம் என்று முடிவு செய்கிறார்கள். செலவைப் பார்த்தால் அது சரிதான். ஆனால் பராமரிப்பில் சிறிய தொட்டியே கடினமானது. இருநூறு லிட்டர் நீரில் ஒரு நத்தை செத்துக் கிடந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இருபது லிட்டரில் அதே நத்தை அழுகும்போது வெளியாகும் அமோனியா ஓரிரவில் மற்ற உயிர்களையும் கொன்றுவிடக்கூடும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது உப்புச்செறிவில்தான். தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு முழுவதும் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே குறைந்த அளவை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். கடல்நீர்த் தொட்டிக்குக் கடல்நீரைத்தானே ஊற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் நானும் தொடக்கத்தில் உப்புநீரையே ஊற்றி, வைத்திருந்த இறால்களை இழந்தேன். கணக்கு எளிது: நாளுக்கு அரை லிட்டர் ஆவியாகும் இருபது லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீரையே தொடர்ந்து ஊற்றினால், பத்தே நாளில் செறிவு 44 கிராமை நெருங்கிவிடும். கண்ணாடியில் ஒரு கோடு வரைந்து, நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்க விடாமல் காலையும் மாலையும் நன்னீர் சேர்ப்பது நல்லது. உப்பை அளக்க, முள் அசையும் பிளாஸ்டிக் கருவியைவிட, நீரில் ஒளி விலகுவதைக் கொண்டு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் நம்பகமானது. அதையும் வெறும் தண்ணீரில் சரிபார்த்து விட்டுவிடாமல், 35 அளவுக்கென்று விற்கப்படும் திரவத்தைக் கொண்டு சரிபார்க்க வேண்டும்.

சேர்க்கும் நன்னீரும் தூய்மையானதாக இருக்க வேண்டும். குழாய்நீரில் குளோரின் இருக்கும். போர் தண்ணீரில் கரைந்த உப்புகள் மிகுதி. வீட்டு ஆர்ஓ இயந்திரத்தின் நீரிலும் ஓரளவு உப்பு எஞ்சுவதால், நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யத்தை ஒட்டிய அளவு காட்டும்வரை வடிகட்டிய நீரே ஏற்றது. கடற்கரை அருகில்தானே என்று சென்னையில் சிலர் குடத்தில் கடல்நீரை அள்ளி வருகிறார்கள். கூவமும் அடையாறும் கலக்கும் கரையோர நீரில் கழிவு இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர உப்புச்செறிவும் குறைந்துவிடுகிறது. சமையல் உப்பும் உதவாது, ஏனெனில் பவளத்தின் எலும்புக்கூட்டுக்குத் தேவையான கால்சியமும் மக்னீசியமும் அதில் போதிய அளவு இல்லை. தொட்டிகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட கடல் உப்புக் கலவையை வாங்குவதே சரி.

தமிழ்நாட்டில் இதைத் தொடங்குபவர் அடுத்துக் கவனிக்க வேண்டியது வெப்பம். பவளத்துக்கு 24 முதல் 27 டிகிரி வரை போதும். மே மாதத்தில் பூட்டிய அறையில், விளக்கும் பம்பும் சூட்டைக் கூட்ட, சிறிய தொட்டி 30 டிகிரியை எளிதில் தாண்டிவிடும். அந்த வெப்பம் சில நாள் நீடித்தால், பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசிகள் வெளியேறி, பவளம் வெளுத்துப்போகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடானபோது நடந்ததும் இதுவே. நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், கடலோர ஈரக்காற்றில் அதைவிடக் குறைவாகவே குறையும். ஆவியாவதும் கூடுவதால் நன்னீர் சேர்ப்பதில் இன்னும் கவனம் தேவை. தொட்டி நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியோ குளிரூட்டிய அறையோ இல்லாதவர் கோடையில் பவளம் வாங்காமல் இருப்பதே அந்த உயிருக்குச் செய்யும் நியாயம் என்பது என் உறுதியான கருத்து. மின்வெட்டுக்காகப் பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்றும் கையிருப்பில் இருக்கட்டும்.

அவசரமும் உயிர்களைக் கொல்கிறது. அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். சோதனையில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும்வரை எந்த உயிரையும் விடக்கூடாது. செம்பு கலந்த மீன் மருந்தை இந்தத் தொட்டியில் ஒருபோதும் ஊற்றக்கூடாது. மீன் பிழைத்தாலும் இறாலும் நத்தையும் பவளமும் பிழைக்கா.

இராமேசுவரம், தூத்துக்குடிக் கரைகளிலிருந்து பவளத்தை எடுத்துவருவது தவறு மட்டுமல்ல, குற்றமும் ஆகும். பாறை உருவாக்கும் பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளன. கடல் குதிரையும் பாதுகாக்கப்பட்ட உயிரினமே. விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல், உயிர் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆவணத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கோமாளி மீன்களைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். அத்தகைய பண்ணை மீனைத் தேடி வாங்கினால் கடலிலிருந்து ஒன்றைப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் இருபது லிட்டரில் அதற்கும் இடமில்லை. நாற்பது லிட்டருக்குக் குறைந்த தொட்டியை இறால், நத்தைகளோடு நிறுத்திக்கொள்வது மேல். முப்பது சென்டிமீட்டர் வரை வளரும் நீல டேங் மீனைக் குஞ்சாக இருக்கிறதே என்று சிறிய தொட்டிக்கு வாங்குவது மிகப் பெரிய கொடுமை.

கடைசியாக, உங்கள் பாதுகாப்பு. சோயாந்திட் எனப்படும் பொத்தான் வடிவ உயிர்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உள்ளது. அவை ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்வதற்காக வெந்நீரில் போடுவதோ கொதிக்கவைப்பதோ கூடாது, ஏனெனில் நீராவியோடு கலந்து வரும் நஞ்சு வீட்டிலிருப்பவர் அனைவரின் நுரையீரலையும் தாக்கக்கூடும். தொட்டிக்குள் கைவிடும்போது கையுறையும், பாறையை வெட்டும்போது கண் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள்.