நீல் தீவில் ஒரு நாள்: பயணிகள் செய்யும் தவறுகள்

அந்தமானின் நீல் தீவுக்கு ஒரு நாள் ஓய்வாகப் போய்வர நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது கப்பல் புறப்படும் நேரத்தை. அதற்கும் முன்பே விசாரிக்க வேண்டியது கடல் வற்றும் நேரம். 2018 இறுதியில் ஷஹீத் துவீப் என்று பெயர் மாறிய இந்தச் சிறு தீவில், நீச்சல் தெரியாதவர்கள்கூடக் கடல்வாழ் உயிர்களை மிக அருகில் பார்க்கலாம். ஆனால் லக்‌ஷ்மண்பூர் இரண்டாம் கடற்கரையில் அலை குடைந்த இயற்கைப் பாலத்தின் அடியிலும் அதைச் சுற்றியும் உள்ள பாறைத்தளம் கடல் வற்றினால்தான் வெளியே தெரியும். கடல் ஏறியிருக்கும் வேளையில் போனால் வளைவை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

இங்கே கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. வற்றும் நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே, போன வாரம் காலை 8 மணிக்குப் போய் எல்லாவற்றையும் பார்த்த நண்பரின் சொல்லை நம்பி இந்த வாரம் அதே மணிக்குப் போனால், அநேகமாகக் கடல் நிறைந்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் வெகுவாக இறங்கும். இடைப்பட்ட நாட்களில் அவ்வளவு இறங்காது. தங்கும் விடுதியிலோ ஆட்டோ ஓட்டுநரிடமோ அன்றைய நேரத்தைக் கேட்டு, கடல் முழுதாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே இருங்கள். நீர் ஏறத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிடுங்கள்.

பாறைத்தளத்தில் ரப்பர் செருப்போடு நடப்பது அடுத்த தவறு. பாசியில் வழுக்கும், பாறை விளிம்பு காலைக் கிழிக்கும். குதிகாலைப் பிடித்து நிற்கும் காலணிதான் சரி. கால் வைக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். வெறும் மணலும் மொட்டைப் பாறையும் மிதிக்கலாம். பழுப்பாகவோ பச்சையாகவோ சிறு துளைகள் நெருங்கி இருப்பது உயிருள்ள பவளம். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. 2010-இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. பிழைத்திருப்பதை நம் கால் நொறுக்கக் கூடாது.

குழிகளில் தேங்கிய நீரருகே குனிந்து இரண்டு நிமிடம் அசையாமல் இருங்கள். அவசரமாக அடுத்த குழிக்குத் தாவுகிறவர்களுக்கு எதுவும் தென்படாது. வெறும் சங்கு என்று நினைத்தது மெல்ல நகரும். உள்ளிருந்து செந்நிறக் கால்கள் எட்டிப் பார்க்கும். அது துறவி நண்டு. அதன் வயிற்றுப்பகுதி மெத்தென்றது என்பதால் காலிச் சங்குக்குள் ஒளிந்தே வாழ்கிறது. உடல் வளர வளரப் பெரிய சங்காகத் தேடிக் குடிபெயர்கிறது. கரையில் கிடக்கும் சங்குகளை நாம் பொறுக்கினால் அதற்கு வீடு இல்லை. சங்கைக் கையிலெடுப்பது நமக்கும் ஆபத்து: அழகிய கோலமிட்ட கூம்புச் சங்கு நஞ்சு தோய்ந்த ஊசியால் குத்தும், ஆளையே கொல்லவும் கூடும். வெள்ளரிக்காய் வடிவில் தரையோடு கிடக்கும் கடலட்டையைத் தூக்கிப் படமெடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. மிரண்டால் சில வகைகள் தம் குடலையே வெளியே தள்ளிவிடும். வழிகாட்டி எடுத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடலட்டையும் பாறை கட்டும் பவளமும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. செத்த பவளத் துண்டைப் பையில் வைத்தாலும் குற்றமே.

பரத்பூர் கடற்கரையில் முகக்கண்ணாடி மாட்டி நீந்துகிறவர்கள் களைத்ததும் பவளத்தின்மேல் எழுந்து நிற்கிறார்கள். மிதவை உடை அணிந்தால் இந்தத் தேவையே வராது. மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். வெயிலுக்குக் களிம்பு அப்புவதைவிட முழுக்கைச் சட்டை நல்லது. ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த களிம்புகள் பவளத்தைப் பாதிக்கும் என்பதால் ஹவாயில் 2021 முதல் அவற்றின் விற்பனைக்குத் தடை இருக்கிறது. முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் நீரில் இறங்கவே வேண்டாம். பக்கத்துத் தீவான ஹேவ்லாக்கில் 2010-இல் ஒரு சுற்றுலாப் பயணி முதலையால் உயிரிழந்திருக்கிறார்.

சென்னைக் கணக்கில் மாலையைத் திட்டமிடுவதும் தவறு. இந்திய நேரத்தையே பின்பற்றினாலும் தீவு வெகு கிழக்கே இருக்கிறது. டிசம்பரில் 5 மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். கடல் சீற்றம் கண்டால் கப்பல் ரத்தாகும், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இது அடிக்கடி நடக்கும். ஊர் திரும்பும் விமானத்தை அதே நாளில் வைக்காமல், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் ஓர் இரவு தங்கிப் புறப்படும்படி டிக்கெட் எடுங்கள்.