மாரி மழையில் கரையும் நிலத்தை அளப்பது எப்படி

புவிச்சரிதவியல் கற்பிக்கும் ஆசிரியர், நிலத்தின் மேற்பரப்பு மாறிக்கொண்டிருப்பதைப் படத்தில் காட்டுவதைவிட, சில இரும்புக் கம்பிகளைக் கொண்டு மாணவர்களையே அளக்கச் செய்வது நல்லது. கண்ணிவெடி அகற்றப்பட்டுவிட்டதென உறுதியாகத் தெரிந்த காணியை மட்டுமே தெரிவு செய்ய வேண்டும்; போர் நடந்த வட இலங்கையின் வன்னியில் இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

ஐப்பசி மழை தொடங்குமுன், ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் நீளமான கம்பிகளைச் சரிவின் மேலிருந்து கீழாக வரிசையாக அடித்து, ஒவ்வொன்றிலும் 10 சென்ரிமீற்றரை வெளியே விட்டு, தரையோடு படியுமாறு ஒரு வாஷரைக் கோர்த்துவிட வேண்டும். மண் கரைந்தால் வாஷர் கீழிறங்கும். பின்னர் மேலிருந்து வரும் மண் அதன்மேல் படியும். ஆகவே கம்பி முனையிலிருந்து வாஷர் வரையுள்ள நீளம் முதலில் விட்ட 10 சென்ரிமீற்றரைவிட எவ்வளவு கூடியுள்ளதோ அது அரிப்பையும், வாஷரின் மேலுள்ள மண்ணின் தடிப்பு படிவையும் தனித்தனியே காட்டும். வாஷர் இல்லாவிட்டால் இவ்விரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

ஒரு ஹெக்டேயரில் 1 மில்லிமீற்றர் மண் போவதென்றால் 10 கனமீற்றர் மண் போகிறது, கனமீற்றருக்கு 1.4 தொன் எனக் கொண்டால் அது 14 தொன். கண்ணுக்குத் தெரியாத இழப்பு இவ்வளவா என்று மாணவர்கள் வியக்கும் இடம் இதுதான்.

வவுனியாப் பக்கத்துச் செங்கபில மண்ணுக்கு இம்முறை பொருந்தும். மன்னார்ப் பக்கத்து முருங்கன் களிமண்ணோ ஈரத்தில் உப்பிக் காய்ந்ததும் வெடித்துச் சுருங்குவதால், அங்கே முதல் அளவையும் கடைசி அளவையும் தரை நன்றாகக் காய்ந்திருக்கும்போதே எடுக்க வேண்டும்.