ஸ்டியரிங் பொக்ஸ் ரிபில்ட்: புது சீல் போட்டும் ஏன் ஒழுகுகிறது?

பழைய கார்களின் பவர் ஸ்டியரிங் பொக்ஸை, அதாவது ஸ்டியரிங் திருப்புவதை ஒயில் அழுத்தத்தின் உதவியோடு சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பெட்டியை, கழற்றிப் பூட்டுவதுதான் எனக்குப் பெரும்பாலும் வரும் வேலை. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள் அல்லவா, அதற்குப் பிறகு கொழும்பில் உறை போட்டு மூடிக் கிடந்த பழைய பென்ஸ்கள் பல வீதிக்கு வந்தன. கூடவே, அவற்றைத் தாங்களே திருத்திப் பார்க்கும் இளம் ஆட்களும் வந்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எல்லோரும் ஒரே தவறுகளையே செய்கிறார்கள். நாங்கள் வேலை பழகின காலத்தில் செய்த அதே தவறுகள்.

ஸ்டியரிங் டாங்கியில் பிரேக் ஒயில் ஊற்றாதே, ஜக்கில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் போகாதே என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அது தெரியாதவர் ஸ்பனரைத் தொடவே வேண்டாம். மொரிஸ் மைனர்காரர்களுக்கும் இதில் வேலையில்லை. அவர்களுக்கு 1948 இலிருந்தே ரெக் அன்ட் பினியன்தான் (பல் வைத்த கம்பியைச் சின்னப் பற்சக்கரம் தள்ளும் வகை), பவரும் கிடையாது. நான் சொல்வது 1976 இல் வந்த பென்ஸ் டபிள்யூ123 மாதிரி, உள்ளே இரும்புக் குண்டுகள் உருளும் பெட்டியும் வெளியே ஒயில் பம்பும் உள்ள வண்டிகளைப் பற்றி.

பெட்டியில் பழி போடுவது

ஸ்டியரிங்கில் ஆட்டம் என்றதும் பெட்டியைக் கழற்றத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் வண்டியை பிட்டின் (கீழே இறங்கிப் பார்க்கும் குழி) மேல் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் சீட்டில் இருந்து ஸ்டியரிங்கை இரண்டு விரல் அளவுக்கு இப்படியும் அப்படியும் அசைக்கட்டும். இன்னொருவர் கீழே இருந்து பார்க்கட்டும். பெட்டிக்குள் போகும் ஷாப்ட் அசைகிறது, டிராப் ஆம் (பெட்டியின் அடியில் மாட்டியிருக்கும் கை) அசையவில்லை என்றால் பெட்டியில்தான் கோளாறு. டிராப் ஆம் அசைகிறது, டயர் அசையவில்லை என்றால் டை ரொட் என்டோ (சக்கரத்தைத் தள்ளும் கம்பியின் மூட்டு) ஐட்லர் ஆம் புஷ்ஷோ (மறுபக்கம் அந்தக் கம்பிகளைத் தாங்கும் கையின் புஷ்) போயிருக்கிறது. டபிள்யூ123 இல் ஐட்லர் ஆம் புஷ் தேய்வது சர்வ சாதாரணம். பெட்டி வேலைக்கு ஆகும் செலவைப் பார்த்தால் அது சில்லறைக் காசு. ஸ்டியரிங் கம்பியும் பெட்டியும் சேரும் இடத்துக் கப்ளிங்கையும் ஒருமுறை பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

பள்ளம் விழுந்த ஷாப்டில் புது சீல்

எத்தனை வருஷமானாலும் எனக்கு எரிச்சல் அடங்காத விஷயம் இதுதான்.

பெட்டியின் அடியில் இருந்து டிராப் ஆமுக்கு இறங்கி வரும் தடித்த கம்பிதான் செக்டர் ஷாப்ட். ஒழுக்கு வருவது அநேகமாக அதன் கீழ் நுனியில். அங்கே ஒயிலை உள்ளே பிடித்து வைக்கும் ரப்பர் வளையமான சீல் ஒன்று இருக்கிறது, சீலுக்கு வெளியே தூசு மறைப்பு ஒன்று இருக்கிறது. மறைப்பு வெடித்துப் போனால் மழைத்தண்ணீரும் மண்ணும் நேரே ஷாப்டுக்குப் போகும். கடற்கரையோரம் நிறுத்தி வைக்கும் வண்டி என்றால் உப்புக் காற்று வேறு. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகளின் அடிப்பாகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. துரு முதலில் பிடிப்பது சீல் உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே. பிறகு மெல்ல மேலே ஏறும்.

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒழுங்கை ஒன்றிலிருந்து ஒரு டபிள்யூ123 வந்தது. ஓய்வு பெற்ற ஐயா ஒருவரின் வண்டி. வேறொரு கராஜில் பெட்டியை ரிபில்ட் பண்ணியிருந்தார், பில்லும் கையில் இருந்தது. ஒரு மாதம் போகவில்லை, நிறுத்தும் இடத்தில் ஒயில் சொட்டியிருக்கிறது. திரும்பக் கொண்டுபோனார், இன்னொரு சீல் போட்டுக் கொடுத்தார்கள். அதுவும் ஒழுகியது.

"தம்பி, கொம்பனி சீல்தான் போட்டாங்க. சீல் வந்த பெட்டியையும் காட்டினாங்க" என்றார்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. சீல் கொம்பனி சீல்தான். டிராப் ஆமைக் கழற்றி, ஷாப்டின் நுனியை மண்ணெண்ணெயில் துடைத்து டோர்ச் அடித்தேன். சீலின் உதடு உரசும் இடத்தில் ஒரு வளையம், அந்த வளையம் முழுக்க ஊசி முனை அளவில் கறுப்புப் புள்ளிகள். அவற்றின் மேல் நீளவாக்கில் எமரி பேப்பர் தேய்த்த கோடுகள். யாரோ பார்த்திருக்கிறார்கள், தேய்த்தும் இருக்கிறார்கள், பிறகு "போதும்" என்று சீலை ஏற்றியிருக்கிறார்கள். நகத்தை மெல்ல இழுத்தால் ஒவ்வொரு புள்ளியிலும் தட்டுப்பட்டது. நகம் தட்டுப்படும் இடத்தில் ரப்பர் எப்படி ஒயிலைப் பிடித்து வைத்திருக்கும்? புது உதடு அந்தப் பள்ளங்களின் மேல் தேங்காய்த் துருவலில் விரலை வைத்த மாதிரி கிழியும். எமரி கோடுகள் நீளவாக்கில் கிடந்தால் இன்னும் மோசம், ஒவ்வொரு கோடும் ஒயில் வெளியே வரும் வாய்க்கால்.

ஐயாவுக்குச் செலவு அத்தோடு நிற்கவில்லை. ஒழுகும் பெட்டிக்கு ஒயில் ஊற்றிக்கொண்டே ஓடியிருக்கிறார். ஒரு நாள் பார்க்காமல் விட்டதில் டாங்கி காய்ந்து, பம்ப் கத்தி, பம்பும் போய்விட்டது. இரண்டு தரம் கழற்றிப் பூட்டின கூலி, இரண்டு சீல், ஒரு பம்ப், அதற்குப் பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய ஷாப்ட் வேலை.

சரி, அந்த வேலை என்ன? பள்ளம் மெல்லியதாக இருந்தால், சீல் உட்காரும் குழியில் இடமும் இருந்தால், சீலை ஒரு மில்லிமீட்டர் மேலேயோ கீழேயோ தள்ளி உட்கார வைத்து, உதட்டை நல்ல இடத்தில் உரச விடலாம். எல்லாப் பெட்டியிலும் இதற்கு இடம் கிடைக்காது. ஆழமான பள்ளம் என்றால் அந்த இடத்தை கிரைண்ட் பண்ணி, ஹார்ட் குரோம் முலாம் ஏற்றி, திரும்பவும் கிரைண்ட் பண்ணிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

பழைய அளவு என்பதைக் கவனியுங்கள். ஷாப்ட் மேலிருந்து இறங்குகிறது. கீழே பெயரிங்குக்குள் புகுந்துதான் சீலுக்கு வருகிறது. குரோம் கொஞ்சம் கூடிவிட்டால் பெயரிங்குக்குள் நுழையாது. மெல்லிய ஸ்லீவ் ஒன்றை ஷாப்டில் அடித்து ஏற்றலாம் என்று சொல்பவர்களும் இதை யோசிப்பதில்லை. சந்தையில் கிடைக்கும் ஸ்லீவின் தகடு கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டு பக்கமும் சேர்த்தால் அரை மில்லிமீட்டருக்கு மேல் விட்டம் கூடிவிடும். கிராங் ஷாப்டுக்கு அது அருமையான வழி. இங்கே ஷாப்டையே உள்ளே விட முடியாது.

லேத்காரரிடம் கொடுக்கும்போது இன்னொன்று. "சீல் ஓடும் இடம், கிரைண்டிங் முடிவு வேண்டும்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். லேத்தில் கருவி ஓடின மேற்பரப்பு கண்ணுக்குப் பளபளப்பாக இருக்கும். ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு திருகுப் புரி ஓடிக்கொண்டிருக்கும். ஷாப்ட் திரும்பும்போது அந்தப் புரி ஒயிலை சீலுக்கு வெளியே தள்ளிவிடும். நல்ல வேலைக்காரர் கூட, இது எதற்கான ஷாப்ட் என்று தெரியாமல் புஷ் போடும் ஷாப்ட் மாதிரி முடித்துத் தந்துவிடுவார். அவரில் பிழையில்லை.

ஷாப்ட் சரி, ஆனால் சீல் பிழை என்ற கதையும் உண்டு. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் பழைய சீலைக் காட்டினால், உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு மூன்றையும் அளந்து அதே அளவில் ஒன்றை எடுத்துத் தருவார்கள். அளவு அச்சாகப் பொருந்தும். ஆனால் சக்கர ஹப்பிலும் கியர் பொக்ஸிலும் போடும் சாதாரண சீல் அரை பார் அழுத்தத்தைத் தாங்கச் செய்தது. பவர் ஸ்டியரிங் பம்ப் 70, 80 பார் கொடுக்கும். பல வகைப் பெட்டிகளில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பும்போது அந்த அழுத்தம் செக்டர் ஷாப்ட் இருக்கும் அறைக்கும் வரும். அதனால்தான் சிலர் "இடது பக்கம் முழுக்கத் திருப்பினால் மட்டும் ஒழுகுது அண்ணே" என்று வந்து நிற்பார்கள். அழுத்தத்துக்கென்று செய்த சீலின் உதடு தடிப்பாக இருக்கும், பின்னால் அதைத் தாங்க ஒரு வளையமும் இருக்கும். அளவோடு இதையும் கேட்டு வாங்க வேண்டும்.

ஏற்றும்போது ஷாப்ட் நுனியில் உள்ள பற்களின் மேல் ஒரு சுற்று டேப்பை இறுக்கிச் சுற்றி, ஒயில் தடவி, அதன் மேலாகச் சீலைத் தள்ளுங்கள். டேப் சுற்றாமல் ஏற்றினால் உதடு அந்தப் பற்களிலேயே வெட்டுப்படும், வண்டி கராஜ் வாசலைத் தாண்டும் முன்பே ஒழுகும்.

கடைசியாக, டிராப் ஆமைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஷாப்டே ஆடுகிறதா? அப்படியென்றால் கீழ் பெயரிங் முடிந்துவிட்டது. அதை விட்டுவிட்டு எந்த சீலைப் போட்டாலும் வீண்.

மேல் திருகை இறுக்குவது

பெட்டியின் மேல் மூடியில் லொக் நட்டோடு ஒரு திருகு இருக்கும். ஆட்டம் கூடினால் அதைக் கால் சுற்று இறுக்குவது ஊரெல்லாம் தெரிந்த வைத்தியம். இறுக்கியவுடன் ஆட்டம் போய்விடும், வண்டிக்காரரும் சந்தோஷமாகப் போவார். ஆனால் இந்தப் பெட்டிகளில் பற்கள் நேராகப் போகும் நிலையில்தான் மிக நெருக்கமாகச் சேரும். பக்கங்களுக்குத் திருப்பினால் கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும், அது இயல்பு. பக்கத்தில் தெரியும் ஆட்டத்தைப் போக்க இறுக்கினால் நடுவில் பிடித்துக்கொள்ளும். கொழும்பு–காலி வீதியில் ஒரு வளைவு திரும்பிவிட்டு ஸ்டியரிங்கை விட்டால், அது தானாக நேருக்கு வராது. கையால் இழுக்க வேண்டியிருக்கும். அந்த நிலையில் ஓட்டுவது ஆபத்து. நடுப் பற்களும் தேய்ந்து, பிறகு எந்த அளவுக்கு இறுக்கினாலும் சரிவராத பெட்டி ஆகிவிடும்.

திருகைத் தொடுவதென்றால் டிராப் ஆமோடு இணைந்த கம்பியைக் கழற்றிவிட்டு, பெட்டியை நடு நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, அந்த வண்டிக்கான கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு மட்டும்.

நடுவைக் குறிக்காமல் கழற்றுவது

பெட்டியின் நடு வேறு, ஸ்டியரிங் வளையத்தின் நடு வேறு. பெட்டியை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சுற்றி, மொத்தச் சுற்றில் பாதியில் நிறுத்தினால் அதுதான் பெட்டியின் நடு. பென்ஸ் பெட்டியில் நடுவைப் பூட்ட ஒரு துளையே வைத்திருக்கிறார்கள், அதில் திருகைப் போட்டுப் பூட்டிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம். கப்ளிங்கை ஒரு பல் தள்ளிப் பூட்டிவிட்டு, வளையம் கோணலாக நிற்கிறது என்று டை ரொட்டில் சரிக்கட்டுவார்கள். வளையம் நேராகிவிடும். ஆனால் நேராகப் போகும்போது பெட்டி நடுவில் இருக்காது, பற்கள் நெருக்கமில்லாத இடத்தில் நிற்கும். வண்டி அலையும். உடனே யாராவது மேல் திருகை இறுக்கச் சொல்வார்.

டிராப் ஆமைச் சுத்தியலால் அடிப்பது

புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வாங்குங்கள், இல்லாவிட்டால் இரவல் கேளுங்கள்.

உள்ளே இருக்கும் குண்டுகள்

ட்ரேயில் கொட்டி எண்ணுங்கள். ஒன்று தொலைந்தால் சைக்கிள் குண்டைப் போட்டு அளவைச் சமாளிக்க வேண்டாம். அவை நூலளவு வித்தியாசம் பார்த்துத் தேர்ந்து போட்ட தொகுதி.

பெட்டி புதுசு, மற்றதெல்லாம் பழசு

பெட்டியைச் சுத்தமாகப் பூட்டிவிட்டு, அதே பழைய ஹோஸில் மாட்டுவார்கள். இருபது முப்பது வருஷம் போன ஹோஸின் உட்புறம் கரைந்து, கறுப்புத் துகளாக ஒயிலோடு வரும். அது நேரே புது சீலுக்கும் வால்வுக்கும் போகும். ஹோஸைக் கழுவிப் பயனில்லை, மாற்றுங்கள். அழுத்தம் வரும் ஹோஸை ஹைட்ரோலிக் ஹோஸ் அழுத்தித் தரும் இடங்களில் பழைய முனைகளோடு செய்து வாங்கலாம். திரும்பி வரும் ஹோஸில் அழுத்தம் குறைவுதான். அதற்காக ரேடியேட்டர் ஹோஸைப் போட்டால் ஒயிலில் ஊறி உப்பும். பம்பின் டாங்கிக்குள் ஒரு சின்ன பில்டர் இருக்கிறது. டபிள்யூ123 வைத்திருக்கும் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

காற்று எடுக்காமல் ஓட்டிப் பார்ப்பது

முன் சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி, எஞ்சினைப் போடாமல், ஸ்டியரிங்கை மெதுவாக முனைக்கு முனை திருப்புங்கள். ஒருவர் டாங்கியைப் பார்த்து ஒயில் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். குமிழி நின்ற பிறகுதான் எஞ்சின். அப்போதும் நுரை வந்தால் நிறுத்தி, அடங்கும்வரை விடுங்கள். அவசரப்பட்டு நுரையோடு திருப்பினால் பம்ப் கத்தும், "பம்பும் போச்சு போல" என்று பயந்து நல்ல பம்பைக் கழற்றுவார்கள். ஸ்டியரிங்கை முனையில் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டாம். அந்த நேரம் முழு அழுத்தமும் வால்வில் வீணாகி ஒயில் கொதிக்கும்.

வீல் அலைன்மென்ட்

பெட்டி வேலை முடிந்த பிறகு. முன்னால் அல்ல.