ஐ.நா. வாக்கெடுப்புச் செய்தி: புதிதாக எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரின் பிரதிகளைப் போன வாரம் திருத்தினேன். உக்ரைனுக்குக் கிடைத்த ராஜதந்திர ஆதரவு பற்றிய பின்னணிக் குறிப்பு. 2022இல் நான் செய்த அதே தவறுகள் இரண்டிலும் வரிசையாக இருந்தன. ஊர்ப் பெயர், தேதி மாதிரியான பிழைகளை மெய்ப்பு பார்ப்பவர் பிடித்துவிடுவார். மற்றவற்றைச் சொல்கிறேன்.

'புறக்கணித்தது' என்று எழுதுவது

ரஷ்யா உக்ரைனிலிருந்து உடனே படைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரவு 141, எதிர்ப்பு 5. இந்தியா, சீனா, பாகிஸ்தான், இலங்கை உட்பட 35 நாடுகள் அவையில் இருந்துகொண்டே, ஆதரவும் இல்லை எதிர்ப்பும் இல்லை என்று பதிவு செய்தன. 12 நாடுகள் வாக்கெடுப்பில் சேரவே இல்லை.

அன்றிரவு நான் வைத்த தலைப்பு, 'வாக்கெடுப்பைப் புறக்கணித்தது இந்தியா'. பக்கத்திலேயே பொதுச்சபைப் பலகையின் படம். அதில் இந்தியாவின் பெயருக்கு நேரே மஞ்சள் விளக்கு. மறுநாள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "புறக்கணிச்சவங்க பேருக்கு நேரா எப்படி தம்பி விளக்கு எரியுது?" என்னிடம் பதில் இல்லை.

உண்மையான புறக்கணிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு 1950ஐப் பாருங்கள். சீனாவின் இடம் யாருக்கு என்ற தகராறில் சோவியத் யூனியன் ஜனவரி முதலே பாதுகாப்புச் சபைக்கு வரவில்லை. ஜூன் 25 அன்று வட கொரியா தென் கொரியாவுக்குள் படையெடுத்தது. வீட்டோ, அதாவது ஒரே வாக்கால் தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம், அதைப் போட வேண்டிய நாற்காலி காலி. தென் கொரியாவுக்கு உதவும்படி உறுப்பு நாடுகளைக் கேட்கும் தீர்மானம் இரண்டே நாளில் நிறைவேறியது. ஆகஸ்டில் சோவியத் திரும்பி வந்ததும் அந்த வழி அடைபட்டது. அதனால்தான், பாதுகாப்புச் சபை முடங்கினால் பொதுச்சபை கூடலாம் என்ற ஏற்பாட்டை நவம்பரில் கொண்டுவந்தார்கள். 2022 பிப்ரவரி 25 அன்று பாதுகாப்புச் சபையில் ரஷ்யா வீட்டோ போட்டபோது உக்ரைனுக்குக் கைகொடுத்ததும் அதே ஏற்பாடுதான். பொதுச்சபையின் அவசரக் கூட்டத்தைக் கூட்டுவது வெறும் நடைமுறை விஷயம் என்பதால் அதற்கு வீட்டோ செல்லாது.

சரி, ஒரு சொல்தானே என்று நினைக்காதீர்கள். கணக்கே மாறிவிடும். 2022 ஏப்ரல் 7 அன்று ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சிலில் ரஷ்யாவின் உறுப்புரிமையை நிறுத்திவைக்க மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. ஆதரவு 93, எதிர்ப்பு 24, விலகி நின்றவை 58. விலகி நின்றவர்களைப் பொதுச்சபை எண்ணாது. ஆகவே 117இல் 78 போதும்; தீர்மானம் தாண்டிவிட்டது. அந்த 58 நாடுகளும் எதிர்த்திருந்தால் 175இல் 117 வேண்டும்; தோற்றிருக்கும். எதிர்ப்பு வாக்கு ஒன்றை விலகலாக மாற்றினாலே உக்ரைன் தூதர்களுக்கு அது லாபம். குண்டு விழும் நாட்டுக்காக அவர்கள் ஒவ்வொரு தலைநகரமாகப் பேசிச் சேர்த்ததை நாம் ஒரே சொல்லில் அழித்துவிடுகிறோம். இன்றைக்கும் அந்தச் சொல்லைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

'வாக்களிக்காமல் விலகி நின்றது' என்று எழுதுங்கள். தலைப்பில் இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்குங்கள். 'நடுநிலை வகித்தது' என்பதும் வேண்டாம். நடுநிலை என்பது போர்க்காலத்தில் ஒரு நாடு எடுக்கும் சட்ட நிலை. ஒரு நாள் வாக்கு அதைக் காட்டாது.

'ஐ.நா.விலிருந்து ரஷ்யா நீக்கம்'

நீக்கவில்லை. மேலே சொன்ன கவுன்சிலில் மட்டும் உறுப்புரிமையை நிறுத்திவைத்தார்கள்.

141 நாடுகளையும் கூட்டாளி ஆக்குவது

பிரேசிலும் செர்பியாவும் ஆதரித்து வாக்களித்தன. பொருளாதாரத் தடை போடவில்லை. துருக்கியும் போடவில்லை, ஆனால் 1936ஆம் ஆண்டு மோந்த்ரோ உடன்படிக்கைப்படி கருங்கடலுக்குப் போகும் தன் நீரிணைகளைப் போர்க்கப்பல்களுக்கு மூடியது. யார் எதைச் செய்தார்கள் என்று தனித்தனியாக எழுத வேண்டும்.

புடாபெஸ்ட் 'உத்தரவாதம்'

1994 டிசம்பர் 5 அன்று ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில், தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களைக் கைவிடச் சம்மதித்த உக்ரைனுக்கு ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் அதன் பாதுகாப்பு குறித்து எழுத்தில் வாக்குறுதி கொடுத்தன. ஆங்கிலப் பிரதியில் இருக்கும் சொல்லுக்கு 'உறுதிமொழி' என்றுதான் பொருள். உக்ரைனிய, ரஷ்யப் பிரதிகளில் 'உத்தரவாதம்' என்ற சொல்லே இருக்கிறது. படை அனுப்பிக் காப்பாற்ற வேண்டும் என்று எந்தப் பிரதியிலும் ஒரு வரி இல்லை. அப்புறம், எந்த மொழிப் பிரதியிலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் செய்தியிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.