டியூப்லைட்டில் மினுக்காத விசிட்டிங் கார்டு

பேட்டரி இல்லாமல், அறை வெளிச்சத்திலேயே ஒரு எல்இடி மினுக்கும் விசிட்டிங் கார்டு செய்தேன். ஏடிடைனி85 என்ற குட்டி மைக்ரோகன்ட்ரோலர் சிப், கால்குலேட்டரில் வரும் அமார்ஃபஸ் சோலார் செல், மின்சாரத்தைச் சேர்த்து வைக்க ஒரு கெபாசிட்டர், அவ்வளவுதான். வெயிலில் அருமையாக ஓடியது. வீட்டு டியூப்லைட்டில் கெபாசிட்டர் 1.2 வோல்ட்டைத் தாண்டவே இல்லை; சிப் ஓட அது போதாது.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு இரண்டு நடை. செல்லை மாற்றினேன். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் கசியும் என்று செராமிக் போட்டேன். சிப் பெரும்பாலும் தூங்கும்படி புரோகிராமையும் திருத்தினேன். பலனில்லை.

ஆனால் ஆபீஸ் ஏசி அறையில் அதே கார்டு மினுக்கியது! வெளிச்சம் அங்கே அதிகமில்லை. காற்றின் ஈரம்தான் காரணமோ என்ற சந்தேகத்தில் கார்டின் மேல் வாயால் ஊதினேன், மினுக்கல் நின்றது. லென்ஸில் பார்த்தால் கெபாசிட்டர் கால்களுக்கு நடுவே பிசுபிசுவென்று ஃப்ளக்ஸ் (சால்டரிங் செய்யும்போது தடவும் பசை) படலம். நம்ம ஊர் ஈரக்காற்றில் அது மின்சாரத்தைக் கசியவிடுகிறது. செல் தருவதே சில மைக்ரோஆம்ப்; அதுவும் அங்கே போய்விடுகிறது. ஃப்ளக்ஸ் டப்பாவில் 'கழுவ வேண்டாம்' என்று போட்டிருந்ததை நம்பியிருந்தேன்.

ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஊற்றி, பழைய டூத்பிரஷால் தேய்த்து, மறுபடி புது ஆல்கஹாலில் அலசினேன். பஞ்சால் மட்டும் துடைத்தால் படலம் பரவத்தான் செய்யும். ஹேர் டிரையரில் காயவைத்ததும் டியூப்லைட்டிலேயே மினுக்கியது. நாலு நாள் தலைவலி தீர்ந்தது.